மகளுக்கு வாங்கிய 580

17 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

காலையிலிருந்து இதே வேலை. தினேஸ்வரியின் கணினிக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு வேண்டும். கோலாலம்பூரில் ஓர் அனிமேஷன் ஸ்டுடியோ பயிற்சிக்கு ஆள் எடுக்கிறதாம். சொந்தமாகச் செய்த இரண்டு நிமிடப் படத்தை அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதிக்குள் அனுப்ப வேண்டும். கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து மகளுக்கு இந்த ஒரு கனவுதான். இருக்கிற பெட்டியோ முக்கி முனகுகிறது.

ஈப்போவில் பழைய கணினிச் சாமான் விற்கும் கடையில் இரண்டு கார்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஏறக்குறைய ஒரே விலை.

ஜிடிஎக்ஸ் 1060: நினைவகம் ஆறு ஜிபி. கோர் 1280. 120 வாட்.
ஆர்எக்ஸ் 580: எட்டு ஜிபி. கோர் 2304. தகவல் ஓடுகிற பாதையும் அகலம். மின்சாரம்தான் 185 வாட் குடிக்கும். குடிக்கட்டுமே, பவர் சப்ளையையும் சேர்த்து மாற்றிவிட்டால் போச்சு.

விளையாட்டு ஓட்டிச் சோதித்தவர்களின் வீடியோக்களில் இரண்டும் முன்னே பின்னே வருகின்றன. சிலவற்றில் 580 ஒரு படி மேல். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

தினேஸ் மட்டும், "அப்பா, எனக்கு 1060 போதும்பா. நான் வேலை செய்ற சாஃப்ட்வேருக்கு அதுதான்—" என்று ஆரம்பித்தாள். "நம்பரப் பாரும்மா. ஆறு பெருசா, எட்டு பெருசா?" என்றேன். சிரித்துவிட்டாள். பிரமிளாவும் சிரித்தாள். மிக்சி வாங்கவே மூன்று வாரம் ஆராய்ச்சி செய்த கணவன் என்று அவளுக்குத் தெரியாதா.

23 ஆகஸ்ட், சனி

580 வாங்கியாயிற்று. நானே பூட்டினேன். ஒரு கார் பந்தய விளையாட்டை ஓட்டிப் பார்த்தோம், வழுக்கிக்கொண்டு போகிறது. "தேங்க்ஸ்ப்பா" என்றாள். இன்றைக்கு எனக்குக் கால் தரையில் படவில்லை.

26 ஆகஸ்ட், செவ்வாய்

பெட்டியின் காற்றாடி இரவு பகலாக இரைகிறது. கார்டு நன்றாக உழைக்கிறது. கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது.

சாப்பிடும்போது தினேஸ் வந்து நின்றாள். "அப்பா, அந்தக் கார்டு..."
"சூடாவுதா?"
"இல்ல."
"ஸ்கிரீன் போவுதா?"
"இல்லப்பா."
"அப்புறம் என்னா? மாசாலா இல்ல லா, ஒரு பிரச்சினையும் இல்ல. புதுசுக்குக் கொஞ்சம் பழகணும்."
சரிப்பா என்று போய்விட்டாள்.

12 செப்டம்பர், வெள்ளி

படத்தை அனுப்பிவிட்டாள். இரண்டு நிமிடம் இல்லை, பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் முடிந்ததாம். "நேரம் பத்தலப்பா" என்றாள். நேரத்தை எப்படிப் பிரித்துக்கொள்வது என்று நெடுநேரம் பாடம் நடத்தினேன். தலையாட்டிக்கொண்டே கேட்டாள்.

26 செப்டம்பர், வெள்ளி

கிடைக்கவில்லை. படம் முழுமையாக இல்லை என்று பதில் வந்திருக்கிறது.

அவள் அழவில்லை. செமோரில் இருக்கும் தோழி துளசியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். "எல்லாம் சோம்பல்தான்" என்று பிரமிளாவிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

1 அக்டோபர், புதன்

ஆயுத பூசை. எங்கள் வீட்டில் அவரவர் தொழில் சாமானை அவரவரே துடைத்துச் சாமி முன்னால் வைக்க வேண்டும். ஜெலாப்பாங் தொழிற்சாலையில் பாகங்களை அளக்க நான் பயன்படுத்தும் அளவுகோல். பிரமிளாவின் தையல் கத்தரி. தினேஸ் பெட்டியைத் திறந்து கார்டைக் கழற்றி வந்து தட்டில் வைத்தாள், ஓரமாக ஒரு பொட்டுச் சந்தனம், குங்குமம்.

கற்பூரம் காட்டும்போதுதான் கவனித்தேன். நான் பூட்டிய கார்டில் இரண்டு காற்றாடி. இதில் ஒன்றுதான். குனிந்து அதில் ஒட்டியிருந்ததைப் படித்தேன். 1060.

"இது துளசியோடதுப்பா. அவ புதுசு வாங்கிட்டா, இத எனக்குக் குடுத்துட்டா."
"580?"
"அலமாரி மேல இருக்கு. டப்பாவுல பத்திரமா வெச்சிருக்கேன்."

பத்திரமா!

கேட்கக் கேட்கச் சொன்னாள். அவளுடைய மென்பொருளின் புதிய பதிப்பு 580-ஐ ஏற்றுக்கொள்ளாதாம். கார்டில் விளையாட்டு ஓடும், படம் உருவாகாது. அதனால் ஒவ்வொரு படச்சட்டத்தையும் கார்டு இல்லாமல் பழைய ப்ராசசரிலேயே ஓட்டியிருக்கிறாள். அந்தச் சத்தத்தைத்தான் நான் ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

"1060 இருந்திருந்தா?"
"முடிஞ்சிருக்கும்பா."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மீதிப் படத்தை இப்போது துளசியின் கார்டில் முடித்தும் வைத்திருக்கிறாள். அதை அனுப்பத்தான் இடமில்லை.

2 அக்டோபர், வியாழன்

தொழிற்சாலையில் புதிதாக ஒரு பாகம் வந்தால் என் முதல் கேள்வி, இது எந்த மெஷினுக்கு? அது தெரியாமல் அளவுகோலைக் கையில் எடுக்க மாட்டேன். வேறு யாராவது எடுத்தால் கத்துவேன். அப்படிப்பட்டவன் வீட்டுக்குள் வந்ததும்—

அவ சொல்லத்தானே வந்தா? ஒரு தடவயா, ரெண்டு தடவ. நான்தான் வாய அடச்சேன். ஆறு பெருசா, எட்டு பெருசாவாம். பெரிய மேதாவி! சோம்பல்னு வேற சொன்னேனே... எந்த வாயால சொன்னேன்?

"அப்பவே சொல்லியிருந்தா கடையில மாத்தியிருப்பேனே. பயந்துட்டாளா?" என்று பிரமிளாவைக் கேட்டேன்.

"பயமெல்லாம் இல்லங்க. சொன்னா நீங்க இன்னும் நாலு வீடியோ பாத்துட்டு வந்து வெளக்கம் சொல்லுவீங்கன்னு சொன்னா."

சொல்லியிருப்பேன். அதுதான் வலிக்கிறது.

20 அக்டோபர், திங்கள்

தீபாவளி. காலில் விழுந்து எழுந்தவளிடம், தப்பு என் மேலதாம்மா என்றேன். "விடுங்கப்பா, நல்ல நாளும் அதுவுமா" என்று சொல்லிவிட்டு முறுக்குத் தட்டை நீட்டினாள்.

4 ஜனவரி 2026, ஞாயிறு

தினேஸ் கமுந்திங்குக்குப் போய் மூன்று நாள் ஆகிறது. அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் லேபிள் வரைகிற வேலை. வேலைக்கு மனுப் போட்டதும், பஸ் பார்த்ததும் எல்லாம் அவளே. 1060-ஐக் கொண்டுபோயிருக்கிறாள். 580 அலமாரி மேல் இருக்கிறது.

இன்று அம்மாவைக் கூப்பிட்டு, இரண்டு அறை பார்த்து ஒன்றை எடுத்துவிட்டதாகச் சொன்னாள். முன்பென்றால் இதற்குள் வாடகை, தூரம், தண்ணீர் வசதி என்று இரண்டு பத்தி போட்டு எழுதியிருப்பேன். நான் போனை வாங்கி, "ஏம்மா அந்த ரூம எடுத்த?" என்றேன். குறை சொல்ல அல்ல, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான்.



"சும்மாதான்பா. அம்மாகிட்ட குடுங்க."

கொடுத்தேன். பிரமிளா வெகுநேரம் பேசினாள். "அப்படியா, ஜன்னல் பெருசா? படம் வரய வெளிச்சம் வருதா?" என்று அவள் கேட்டுக்கொண்டிருந்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.