வரப்பில் கிடந்த உடைசல்கள்

இன்று வீட்டில் சாமைச் சோறு. ஆவி மூக்கில் ஏறியதுமே உன் நினைவு வந்துவிட்டது, பாதகத்தி. கல்வராயன் மலையில் ஊர்க்கார அம்மா ஒருவர் போட்ட சாமைச் சோற்றுக்கு "பசியே இல்லைங்க" என்று சொல்லிக்கொண்டே மறுசோறு வாங்கியவள் நீதானே.

விருத்தாசலத்தில் நாம் பீங்கான் பொம்மைக்கு வண்ணம் தீட்டிய காலம் அது. நீ அஞ்சல்வழியில் வரலாறு படித்தாய். உலோகம் தெரியாத காலத்திலேயே அந்த மலைமேல் ஜனங்கள் குடியிருந்து பயிர் செய்தார்கள் என்று கட்டுரை எழுத ஆசை உனக்கு. "மேலே கிடைக்கும் கற்கோடாரியெல்லாம் கீழேயிருந்து போனதாக இருக்கும். குடியிருந்ததற்குச் சாட்சி எங்கே?" என்று கேட்டுவிட்டார் உன் வாத்தியார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவல் கேமராவோடு கள்ளக்குறிச்சி பஸ் ஏறினோம்.

ஊர் மரத்தடியில், வழவழவென்று தேய்த்த கற்கோடாரிகளை மஞ்சள் குங்குமம் பூசி அடுக்கியிருந்தார்கள். அவர்களுக்கு அது பிள்ளையார். அதில் ஒன்றைத் தரச் சொல்லிக் கேட்டாய் நீ. "எங்களக் கேட்டா எப்பிடி? சாமியக் கேளுங்க" என்று நமக்குச் சோறு போட்ட அந்த அம்மா கல்மேல் இரண்டு பூ வைத்தார். வலப்பக்கத்துப் பூ விழுந்தால் உத்தரவு. விழுந்தது இடப்பக்கத்துப் பூ.

"பையில போட்டுக்கினு வாடி, யாரு பாக்கப் போறாங்க?" என்று காதைக் கடித்தேன்.

"சாமி வாணாம்னுடுச்சிடி." கண் கலங்கக் கும்பிட்டாய். எனக்கு வந்ததே எரிச்சல்!

உன் முகத்தைப் பார்த்து அந்த அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. "முழுசா கெடைக்கறதுதான் சாமிக்கு. ஒடஞ்சத வரப்புல வீசிடுவோம். அத வேணும்னா எடுத்துக்கோங்க" என்று சாமைக் கொல்லைக்கு அழைத்துப்போனார். வரப்பு நெடுக, பாதி கொத்திய கோடாரிகள், தேய்க்கும்போது முறிந்தவை, கூரான கல்சில்லுகள், நடுவில் குழி விழுந்த ஓர் அரைகல். நீ அப்படியே உட்கார்ந்துவிட்டாய்.

"செஞ்சி முடிச்சத எங்க வேணா எடுத்துனு போலாம்டி. ஒடஞ்சத யாரு மல மேல தூக்கினு வருவாங்க? இங்கயே கொத்தி, இங்கயே தேச்சி, இங்கயே அரைச்சித் தின்னுருக்காங்க!" அழுதாய், சிரித்தாய், என்னைக் கட்டிக்கொண்டாய்.

கட்டுரையை வாத்தியார் ஒப்புக்கொண்டார். அடுத்த மழைக்காலக் காய்ச்சலில் நீ போய்விட்டாய். உன்மேல் எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

நீ நன்றாகத் தீட்டிய பொம்மையெல்லாம் லாரி ஏறி எந்தெந்த ஊருக்கோ போயிருந்தது. சூளைக்குப் பின்னால் கழித்துக் கொட்டிய குவியலைக் கிளறினேன். மூக்கு உடைந்த கிளி ஒன்று கிடைத்தது. கழுத்தில் நீ இழுத்த சிவப்புக் கோடு, எப்போதும்போலக் கொஞ்சம் கோணலாக. அலமாரியில் வைத்திருக்கிறேன்.

"ஒடைசல எதுக்கு வூட்ல வச்சிருக்கீங்க?" என்கிறார்கள் வருகிறவர்கள்.

"நல்லதெல்லாம் வித்துப்போச்சிங்க. அவ இருந்தான்றதுக்கு இதுதான் இருக்குது" என்கிறேன்.