அலமாரி மேல் இருந்த கிடார்

ஆர்.கே.புரம், புதுதில்லி
3 நவம்பர் 2024

அன்புள்ள ராஜவேலுக்கு,

நலம்தானே? போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, எழுதிக்கொள்வோம் என்றீர்கள். எழுதுகிறேன். நீங்கள் திருச்சிக்கு மாற்றலாகிப் போய் இரண்டு வருடமாகிறது. தீபாவளிக்கு முறுக்கு சுட்டு நானே தின்று தீர்த்தேன்.

ஒரு நல்ல செய்தி. சாணக்யபுரியில் ஒரு கண்காட்சி. பழைய கிடாரோடு வேறு சாமான்களைச் சேர்த்துப் பொருத்திக் கலைப்பொருளாக்க வேண்டும். பள்ளிக்கூட டிராயிங் டீச்சரான என்னையும் மதித்துக் கூப்பிட்டிருக்கிறார்கள். அலமாரி மேல் தூசி படிந்து கிடக்கும் உங்கள் கிடாரை எடுத்துக்கொள்ளட்டுமா? அறுக்க வேண்டியிருக்கும். வழக்கம்போல் வாயைத் திறக்காமல் இருந்தால் சரி என்று எடுத்துக்கொள்வேன்.

கவிதா


திருச்சி
5 டிசம்பர் 2024

அன்புள்ள கவிதா,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நான் பேசாமலிருந்தால் சரி என்று அர்த்தம். சோபா வாங்கியதும் அப்படித்தான், நீ தில்லியிலேயே தங்கிவிட்டதும் அப்படித்தான். இந்த முறை அப்படி இல்லை. அதை அறுக்காதே.

வாசிப்பதற்காகக் கேட்கவில்லை. வேண்டுமென்றேதான் விட்டுவிட்டு வந்தேன். என்றைக்காவது கிடாரை எடுக்க வந்தேன் என்று சொல்லி உன் வாசலில் நிற்கலாமே என்று. அதுவும் போய்விட்டால் எந்த முகத்தோடு வருவேன்?

ராஜவேல்


ஆர்.கே.புரம்
11 டிசம்பர் 2024

அன்புள்ள ராஜவேலுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுதான் கிடைத்தது. கிடாரை அறுத்து மூன்று வாரமாகிறது. அதன் வயிற்றில் காபி ஃபில்டரும் குக்கர் கேஸ்கட்டும் உங்கள் ஸ்கூட்டர் கண்ணாடியும் இருக்கின்றன. கம்பிகளை மட்டும் தொடவில்லை. பார்க்க வந்த ஒருவர், "கம்பியை உல்டா மாட்டிருக்கீங்க மேடம்" என்றார். என் வீட்டுக்காரர் இடது கைக்காரர் என்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அப்புறம் கோபம் வந்தது. கட்டின பெண்டாட்டியைப் பார்க்க வர ஒரு மரப்பெட்டி சாக்கா? நீங்கள் வரமாட்டீர்கள் என்றே நினைத்து இரண்டு வருடம் ஓட்டினேன். அறுத்ததற்கு வருத்தம்தான். ஆனால் ஒட்டித் தர முடியாது.

கண்காட்சி இருபத்திரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை முடிகிறது. அப்புறம் அதை வீட்டுக்குக் கொண்டு வந்து கூடத்தில் மாட்டப் போகிறேன். யாருக்கும் தருவதாக இல்லை, உங்களுக்கும்தான். இனி வந்தால், என்னைப் பார்க்க வந்தேன் என்றுதான் நீங்கள் சொல்ல வேண்டியிருக்கும். சொல்ல முடியும் என்றால் வாருங்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

கவிதா