ஓரத்தில் ஒரு டிக்

கணக்கு டீச்சருக்கு,

பத்தொன்பது வருடம் கழித்தும் உன்னை வேறெப்படியும் கூப்பிட வரவில்லை.

நாளை எனக்குப் பாராட்டு விழா. நிரலை மெஷின் மொழிக்கு மாற்ற நாம் எழுதிய கம்பைலரைப் பற்றிப் பேச வேண்டும். பழைய படங்களைத் தேடியபோது நீ விட்டுப்போன பச்சை நோட்டு கிடைத்தது.

அந்த அறை நினைவிருக்கிறதா? ஒரு கரும்பலகை, இரண்டு பேருக்கு ஒரே நாற்காலி. நீ நிரூபிப்பாய், நான் அதை நிரலாக்குவேன்.

"ஒண்ணு கூட்டினா நம்பர் பெரிசாத்தானே ஆகும்? ஒவ்வொரு சுத்துலயும் எதுக்கு அதைச் சோதிக்கணும்?" என்றேன்.

"உன் மெஷினுக்கு எண்ணுறதுக்கு விரல் கொஞ்சம்தான்டா, அவசரக்குடுக்கை. விரல் தீர்ந்தா நம்பர் மைனஸுக்குத் தாவிடும்."

சிரித்தேன். கம்பைலரிலிருந்து அந்தச் சோதனையைத் தூக்கினேன். நிரல்கள் இரண்டு மடங்கு வேகமாக ஓடின. அன்று நாற்காலியை உனக்கே விட்டுக்கொடுத்தேன்.

பிறகு யாரோ ஒருவரின் நிரலில் எண் எல்லையைத் தொட்டது, நீ சொன்னபடியே தாவியது. கூட்டத்தில் நம் குழுத் தலைவர் காரணம் கேட்டார். "நிரூபணம் அவங்களோடது" என்றேன். அது பொய்யில்லை. நீ பலகையைத் துடைத்துவிட்டுப் போனாய், பிறகு வரவேயில்லை.

நீ அன்று விளையாட்டாகத்தான் சொன்னாய் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிவந்தேன். நோட்டில் அந்த நிரூபணத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறாய்: 'எண் எல்லையைத் தொடாதவரை மட்டும்.' பக்கத்தில் ஒரு டிக். படித்துவிட்டேன் என்பதற்கு நான் போட்டது.

நாளை முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திரையில் காட்டப்போகிறேன். படமெடுத்துக்கொண்டேன். நோட்டு உன்னுடையது, இதோடு அனுப்புகிறேன்.

இந்த முறை நிதானமாக எழுதிய,
உன் அவசரக்குடுக்கை