ஓரத்து ஜரிகை

தேவகி,

உங்க அண்ணன் காரு மேல இருந்த கீறல் போயிடுச்சு! மேலோட்டமாத்தான் விழுந்திருக்கு. விடியக்காலையில பாலிஷ் போட்டுத் தேய்ச்சேன், தடமே இல்ல. உன்னை எழுப்ப மனசு வரல. பத்து மணிக்கு அவரு காரை எடுத்துகினு போக வருவாரு. சாவி டிவி மேல இருக்கு.

நீ கழுவும்போதுதான் கீறல் விழுந்துச்சுன்னு கத்திட்டு, ரெண்டு நாளா உன்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. கீறினது நான்தான். நீ கழுவினதும், பட்டு மெத்துனு இருக்குமேன்னு, தறியில மிஞ்சின முந்தானைத் துண்டால ஈரத்தைத் துடைச்சேன். இப்ப விரிச்சுப் பாக்கறேன், ஓரமெல்லாம் சொரசொரன்னு ஜரிகை. இத்தனை வருஷமா நெய்யறவனுக்கு அது தோணவே இல்ல.

தறிக்குப் போறேன்.
குமரவேல்

அண்ணன் கேட்டா என் பேரையே சொல்லு.

அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுடாதே. அடுத்த வாட்டி நான் கத்தினா எடுத்துக் காட்டு.