சிவப்பு எருதை விற்ற காரணம்

தாபா செக்கா,
ஆகஸ்ட் 11

அன்புள்ள லினேயோவின் அப்பாவுக்கு,

நானும் லினேயோவும் நலம். உங்கள் உடம்பு தேறி வர வேண்டும் என்பதுதான் இங்கே எங்கள் ஒரே பிரார்த்தனை. போனில் பேசினால் உங்களுக்கு இருமல் வந்துவிடுகிறது, பாதியில் நர்ஸ் வாங்கி வைத்துவிடுகிறார். அதனால் எழுதுகிறேன். படுத்துக்கொண்டே மெதுவாகப் படியுங்கள்.

உங்கள் தம்பி எழுதுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். சிவப்பு எருதை விற்றுவிட்டேன். உங்களைக் கேட்காமல்தான் விற்றேன். முழுவதையும் படித்துவிட்டு, அதற்குப் பிறகும் திட்ட வேண்டும் என்று தோன்றினால் திட்டுங்கள்.

ஜூன் மாதக் கடைசியிலிருந்தே லினேயோ ஓட்டுகிற நம் வேன் மேடு ஏறத் திணறியது. சமதரையில் நன்றாக ஓடும். மசேருவிலிருந்து திரும்பும்போது மொலிமோ ந்துசே கணவாயில் முக்கி முனகி நின்றுவிடும். பின்னால் அழுகின முட்டை நாற்றம் வேறு. ஒருநாள் வண்டியில் இருந்தவர்களில் பாதிப் பேரை இறக்கி நடக்கவிட்டுத்தான் உச்சிக்குக் கொண்டு போயிருக்கிறாள். மாவு மூட்டையோடு நடந்த ஒரு அம்மாள், "இந்தக் கணவாய்க்குப் பேரே 'கடவுளே காப்பாத்து'. இன்னைக்கு அவரும் எறங்கித் தள்ளணும் போல"ன்னு சொன்னாராம். லினேயோ சும்மா இருப்பாளா? "தள்ளட்டும் பெரியம்மா, அவருக்கு டிக்கெட் வேணாம்"னு சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லும்போது மட்டும் அவள் சிரிக்கவில்லை.

வேன் ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் விடுவார்களா? "பொம்பளப் புள்ள ஓட்டுற வண்டி, அதுக்கும் தலைவலி வந்து படுத்துக்குது" என்று ஒருவன் எல்லாரும் கேட்கச் சொல்லியிருக்கிறான். அவள் மசேருவில் மெக்கானிக் மொக்கேத்தேயிடம் வண்டியை விட்டாள். அவர் அடியில் படுத்து ஒரு தட்டுத் தட்டினாராம். உள்ளே கல் உருளுகிற மாதிரி கடகடவென்று சத்தம். எஞ்சினுக்கும் சைலன்சருக்கும் நடுவில் ஒரு டப்பா இருக்கிறதாம். கன்வெர்ட்டர் என்கிறார்கள். அதற்குள் தேன்கூடு போல ஒன்று இருந்து புகையில் உள்ள விஷத்தை முறிக்குமாம். அந்தக் கூடு உடைந்து வழியை அடைத்துக்கொண்டது. மூச்சு வெளியே போகாத வண்டி எப்படி மலை ஏறும்?

"புதுசு வாங்குனா உங்க வீட்டையே விக்கணும் தங்கச்சி. இத வெட்டி எறிஞ்சிட்டு நேரா ஒரு குழாய் வெச்சுடறேன். இங்க ஓடுற வண்டில பாதிக்கு மேல அப்படித்தான் ஓடுது, யாரு கேக்கறா?" என்றார் மொக்கேத்தே. அவர் கெட்டவர் இல்லை. நம் நிலைமை தெரிந்துதான் சொன்னார். லினேயோவும் சரி என்றாள். நானும் போனில் சரி என்றேன். உடைந்த டப்பாவை மட்டும் விற்காமல் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, "இருக்கட்டும்மா" என்று சொல்லிவிட்டாள்.

குழாய் வைத்த பிறகு வண்டி ஆட்டுக்கிடா மாதிரி மலை ஏறியது. எல்லாருக்கும் சந்தோஷம். உங்கள் தம்பி வந்து, "பாத்தீங்களா அண்ணி, இதுக்குப் போயி ஒரு மாசம் கவலைப்பட்டீங்களே" என்றார். ஒரு வாரம் அப்படி ஓடியது. ஆனால் ஜூலைக் குளிருக்கு ஜன்னலை மூடினால் கடைசி சீட்டில் கண் எரிகிறது, தலை வலிக்கிறது என்று ஆட்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். ஒரு கைக்குழந்தை வாந்தி எடுத்தது.

அந்தச் சனிக்கிழமை உங்கள் ரஸ்டன்பர்க் சுரங்கத்திலிருந்து ஊர் திரும்புகிற ஒருவர் கடைசி சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். உங்கள் வயது இருக்குமாம். மடியில் ஆஸ்பத்திரிப் பை. கணவாய் ஏறும்போது இருமல் பிடித்துக்கொண்டது. நிறுத்தச் சொல்லி இறங்கி, பனிக்குள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றிருக்கிறார். லினேயோ தண்ணீர் கொண்டு போனாள். "மன்னிச்சுக்கம்மா, என்னால எல்லாருக்கும் நேரமாகுது" என்றாராம். அவரை முன்னால் தன் பக்கத்தில் உட்கார வைத்து, ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, அந்தக் குளிரில் ஊர் வரை ஓட்டி வந்திருக்கிறாள். கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு எல்லாரும் வந்தார்கள், ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தவள் களியைத் தொடவில்லை. "அம்மா, இந்த வண்டியில அப்பாவக் கூட்டிட்டு வர முடியாது" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் நான் எருதை ஓட்டிக்கொண்டு கிளம்பினேன். உங்கள் தம்பி வழியில் மறித்தார். "ஆம்பள இல்லாத வீட்ல மாட்ட விக்கிறதா? ஊரு என்ன சொல்லும்?" என்றார். "ஆம்பள வீடு வந்து சேரத்தான் விக்கிறேன் தம்பி. வழிய விடுங்க" என்றேன். இருபத்தாறு வருஷத்தில் அவரிடம் நான் குரல் உயர்த்திப் பேசியது அதுதான் முதல் முறை. அவர் விலகி நின்றுவிட்டார். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால், எருதின் பின்னாலேயே சந்தை வரைக்கும் வந்துகொண்டிருக்கிறார், விலை குறைத்துக் கேட்பவனை அதட்டுவதற்கு. அவர் மேல் கோபப்படாதீர்கள்.

புதுக் கன்வெர்ட்டர் வாங்க எருது விலை மட்டும் போதவில்லை. லினேயோ சாக்கைப் பிரித்து உடைந்த டப்பாவை வெளியே எடுத்தாள். பழைய கன்வெர்ட்டர் வாங்க ஒரு வியாபாரி மசேரு வேன் ஸ்டாண்டுக்கு வருவான். அவன் உருட்டிப் பார்த்துவிட்டு, "வெறும் இரும்புதாம்மா, ஒடஞ்சு வேற கெடக்கு" என்று ஏதோ ஒரு விலை சொன்னான். நானும் பக்கத்தில் இருந்தேன். நம் மகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்: "அண்ணே, இதுக்குள்ள பிளாட்டினம் இருக்கு. எங்கப்பா பதினேழு வருஷமா பூமிக்குள்ள எறங்கி அதத்தான் தோண்டிட்டு இருந்தாரு. வெறும் இரும்புன்னு வேற யாருகிட்டயாவது போயிச் சொல்லுங்க." அவன் மூன்று மடங்கு எண்ணிக் கொடுத்தான்.

பதினேழு வருடமாக நீங்கள் எதைத் தோண்டுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். எதற்கு என்று தெரியாது. பணக்காரப் பெண்களின் மோதிரத்துக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஊர் உலகத்தில் மனிதர்கள் சுவாசிக்கிற காற்றுக்காக என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வேன் ஸ்டாண்டின் நடுவில் நின்று அழுதேன். தூசி விழுந்துவிட்டது என்று சொன்னேன்.

புதியது டர்பனிலிருந்து பஸ்ஸில் வந்தது. மொக்கேத்தே மாட்டப் போனார். லினேயோ, "இருங்கண்ணே, பழசு ஏன் ஒடஞ்சுது? அதச் சொல்லிட்டு மாட்டுங்க" என்றாள். அவர் சிரித்தார். இவள் விடவில்லை. ஜூனிலிருந்தே எஞ்சின் நடுநடுவே ஒரு துடிப்பு தப்புகிறது, தன் காதில் கேட்கிறது என்றாள். திறந்து பார்த்தால் ஒரு பிளக் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல் போய்ப் போய்த்தான் கூட்டை உடைத்திருக்கிறது. அப்படியே மாட்டியிருந்தால் புதியதும் நாளடைவில் போயிருக்கும், நம் எருதும் வீண். மொக்கேத்தே கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "இந்தக் காத எங்கிட்ட அனுப்பி வைங்கம்மா. என் பட்டறைல இருக்கற நாலு பேருக்கும் இது இல்ல" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்போது ஸ்டாண்டில் அந்த வாய்க்கொழுப்புக்காரன்கூட பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "லினேயோ, கொஞ்சம் வந்து கேட்டுச் சொல்லேன்" என்கிறானாம். இவளும் போய்க் கேட்டுச் சொல்கிறாள். காசு வாங்குவதில்லை. அவன் முகத்தைப் பார்ப்பதே போதும் என்கிறாள்.

போன ஞாயிறு நான் வேண்டுமென்றே கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். எல்லா ஜன்னலையும் மூடச் சொன்னேன். மசேருவிலிருந்து கணவாய் ஏறி வீடு வரை வந்தேன். கண் எரியவில்லை. கம்பளி வாசனையும் யாரோ கொண்டுவந்த ஆரஞ்சு வாசனையும்தான் இருந்தது. முன்னால் அவள் தலை மட்டும் தெரிந்தது. வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது உங்களைப் போலவே தோளைச் சாய்க்கிறாள். பக்கத்தில் இருந்தவர்களிடம், "டிரைவர் என் மக" என்று மூன்று பேரிடம் சொன்னேன். மூன்றாவது ஆள் ஏற்கெனவே கேட்டுவிட்டேன் என்றார்.

இனி ஒரே ஒரு விஷயம். போன கடிதத்தில் "நான் வந்தால்" என்று எழுதியிருந்தீர்கள். லினேயோதான் முதலில் படித்தாள். படித்துவிட்டு மடித்து என் கையில் கொடுத்துவிட்டு வண்டியைக் கழுவப் போய்விட்டாள். காலையில்தான் கழுவியிருந்தாள்.

அப்படி எழுதாதீர்கள். மாத்திரையை ஒரு வேளைகூட விடாதீர்கள். கசந்தாலும் கஞ்சியை முழுக்கக் குடியுங்கள். டாக்டர் எந்த நாள் போகலாம் என்கிறாரோ அந்த நாளை மட்டும் ஒரு வரியில் எழுதிப் போடுங்கள். எல்லைச் சாவடிக்கு வண்டியோடு அவள் வருவாள். நானும் வருவேன். கடவுளும் நம் முன்னோரும் அந்த நாள் வரை உங்கள் தலைமாட்டில் விழித்திருக்கட்டும்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
லினேயோவின் அம்மா