வெள்ளிக் கண்ணாடி வரவில்லை

நவம்பர் 26, 1979. திங்கள்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன்? இந்த நோட்டிடம்தான். மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. கயல் இப்போதுதான் கண் அசந்தாள். ஒன்பது மாதக் குழந்தைக்கு அப்படி என்ன யோசனையோ. பகலெல்லாம் மழை. புந்தோங் சாலையில் கணுக்கால் தண்ணீர். துணி ஒன்றும் காயவில்லை.

ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, இரண்டாம் வாரம். பள்ளி லீவில் நாலு வாரக் கோர்ஸ். இதில் தேறினால்தான் பகுதி நேர டிகிரிக்கு மனுப் போடலாம். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முடித்து ஐந்து வருடம். தமிழ்ப்பள்ளியில் நாலாம் ஆண்டுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்ததில் கெமிஸ்ட்ரி எல்லாம் ஆவியாகிவிட்டது. இன்று நாலே கை உள்ள கார்பனுக்கு ஐந்து கை போட்டேன். பக்கத்து மேசைப் பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

நாளைக்கு: லேப் கோட் இஸ்திரி. பால் புட்டிக்கு நிப்பிள். மாமியாருக்கு மூட்டுத் தைலம். ஆல்டிஹைடு பாடம் முழுவதும்.

மாமியார் இன்றும்: "படிக்கிற வயசுல படிச்சிருக்கணும்லா. பிள்ள அழுவுது, இவ பாட்டிலப் பார்த்துக்கிட்டு நிக்கப் போறா." இவர், என் வீட்டுக்காரர், பேப்பரை மடித்தார், பிரித்தார்.

நவம்பர் 28. புதன்

காலையில் கயலுக்குக் காய்ச்சல். விட்டுவிட்டுப் போனேன். லேப்.

என் ஜோடி பிலோமினா. பாகான் டத்தோ தென்னந்தோட்டத்துப் பெண். பத்தொன்பது வயது. இங்கே சித்தி வீட்டில் தங்கியிருக்கிறாள். ஆஸ்பத்திரி லேபில் உதவியாளர் பயிற்சிக்குச் சேர எங்களுக்குக் கெமிஸ்ட்ரி எடுக்கும் ஞானமுத்து சாரின் சிபாரிசுக் கடிதம் வேண்டும். அதற்காகவே இந்தக் கோர்ஸ். எதற்கெடுத்தாலும் அக்கா, அக்கா.

ஜோடிக்கு ஒரு பாட்டில். உள்ளே என்ன ஆசிட் என்று கண்டுபிடிக்க வேண்டும். எங்களுக்கு நம்பர் ஏழு. மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறியது. நான் வளர்ந்த தாப்பா பக்கத்து ரப்பர் தோட்டம், பால் ஸ்டோர், அம்மா தட்டில் கித்தாப் பாலுக்கு ஆசிட் ஊற்றுவது, எல்லாம் ஒரே மூச்சில். பால் உறைய ஊற்றுவது ஃபார்மிக் ஆசிட் என்று பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. பிறகு என்ன சோதனை? இருபது வருடம் முகர்ந்த மூக்கு.

செய்ய வேண்டிய சோதனை: வெள்ளிக் கரைசல் கலந்து வெந்நீரில் பத்து நிமிடம். ஃபார்மிக் என்றால் டியூப்பின் உட்புறம் கண்ணாடி மாதிரி வெள்ளி படியும். மணி மூன்றே முக்கால். நாலு மணி பஸ். குழந்தைக்குக் காய்ச்சல். பிலோமினா வெந்நீருக்கு வரிசையில் நின்றாள். நான் "வெள்ளிக் கண்ணாடி படிந்தது" என்று எழுதினேன். டியூப்பைக் கழுவிக் கவிழ்த்தேன்.

அவள் வந்தாள். "அக்கா, மிரர் வந்துச்சா?"

"வந்துச்சு. கழுவிட்டேன்."

"ஐயோ, நான் பார்க்கலியே. அழகா இருக்கும்னாங்க."

என் ரிப்போர்ட்டைப் பார்த்து எழுதினாள். நான் ஓடிவிட்டேன். வீட்டில் காய்ச்சல் இல்லை. மாமியார் மடியில் கயல் ரொட்டி சப்பிக்கொண்டிருந்தாள்.

நவம்பர் 30. வெள்ளி

தாப்பாவிலிருந்து அண்ணன். ஒரு சாக்கு மரவள்ளிக்கிழங்கு. சாப்பாட்டின்போது பெருமையாக ஏழாம் நம்பர் பாட்டில் கதையைச் சொன்னேன். சோதனையை விட்ட பகுதி நீங்கலாக.

அண்ணன் சிரித்தார். "ஃபார்மிக்கா? அதெல்லாம் பெரிய வெள்ளக்காரத் தோட்டத்துல. நம்ம தோட்டத்து மொதலாளி, தவுக்கே, மலிவா எது கிடைக்குதோ அதத்தான் ஊத்துவாரு. அது அசிட்டிக். டின்னுல எழுதியிருக்கும். நான்தான் தூக்கியாருவேன்."

"வினிகர் ஆசிட்டா?"

"ஆமாலா. மூக்க வச்சே டாக்டர் ஆயிருவ போல."

வினிகர். எங்கள் அடுப்படியில் புளிதான். வினிகர் என்ற சாமானை முதலில் பார்த்ததே கல்யாணத்துக்குப் பிறகு, சீனர் மீ நூடுல்ஸ் கடையில், ஊறின பச்சை மிளகாயில். அப்போதுகூட "ஸ்டோர் வாசனை அடிக்குது" என்று இவரிடம் சொன்னேன். இவர் சிரித்தார். அந்த வாசனைக்குப் புத்தகத்தில் இருந்த பெயரை நானாக ஒட்டிக்கொண்டேன்.

அசிட்டிக்கில் வெள்ளி படியாது. பத்து நிமிடம் வைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

நாளை சனிக்கிழமை, சார் காலையில் ஆபீசில் இருப்பார், போய்ச் சொல்லலாம். (சனி இரவு சேர்த்தது: போகவில்லை. துணி துவைத்தேன்.)

டிசம்பர் 3. திங்கள்

எழுதக் கை வரவில்லை. எழுதுகிறேன்.

சார் வகுப்பில் ஆங்கிலம்தான். லேபில் எங்கள் இருவரிடம் மட்டும் தமிழ். இரண்டு ரிப்போர்ட்டையும் மேசையில் வைத்தார்.

"ரெண்டு பேரும் மிரரப் பார்த்தீங்களா?"

நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் பிலோமினா, "பார்த்தோம் சார்." பார்க்காமல் எழுதியதை மறைக்கத்தான். என்னை நம்பி.

"ஏழாம் நம்பர் அசிட்டிக். அதுல எப்படிம்மா வெள்ளி வந்துச்சு? வானத்துலேருந்தா?"

பின் மேசையில் சிரிப்பு. சார் அவள் பக்கம் திரும்பினார். "டீச்சர் கைப்பிள்ளய விட்டுட்டு ஓடி வாராங்க. நீ செஞ்சத நம்பி எழுதியிருப்பாங்க. உனக்கு என்னா அவசரம்? ஆஸ்பத்திரியிலயும் இப்படித்தான் நோயாளி ரத்தத்தப் பார்க்காம எழுதுவியா? உனக்கு நான் கடுதாசி தர முடியாது."

அவளுக்கு சைபர். எனக்கு "திரும்பச் செய்க".

பிலோமினா என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன். மேசையில் பழுப்பாக ஒரு கறை. அதன் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன். ஒரு வாக்கியம் போதும். "நான்தான் சார்." நாலாம் ஆண்டுப் பிள்ளைகள் தினமும் சொல்கிற வாக்கியம்.

பஸ் நிறுத்தத்தில் அவள் மெதுவாக: "அக்கா, நெசமாவே வந்துச்சா?"

"பஸ் வந்திருச்சு," என்றேன்.

டிசம்பர் 5. புதன்

பிலோமினா இடம் காலி.

வகுப்பு முடிந்து அவள் சித்தி வீட்டைத் தேடிப் போனேன். சித்தி வாசலிலேயே நிற்க வைத்தார்.

"காலை பஸ்ல ஊருக்குப் போயிருச்சு டீச்சர். படிப்பு வேணாம், அம்மாகூட தேங்கா உரிக்கப் போறேன்னு ஒரே அழுகை. என்னா நடந்துச்சுன்னு கேட்டா வாயத் தொறக்கல. ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். இதுவும் ஒரு பொய்.

பிறகு, "வெயில்ல வந்திருக்கீங்க, தண்ணி குடிங்க," என்று உள்ளே போய் சிராப் கலந்து கொண்டுவந்தார். நின்றபடியே குடித்தேன். முழுவதையும் குடித்தேன்.

வீட்டில் இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முகர்ந்தது, கழுவியது, மேசைக் கறை, சிராப் வரை.

"சொன்னா மார்க் போயிரும். டிகிரியும் போயிரும்," என்றேன்.

"அந்தப் பிள்ளயோட அட்ரஸ் வாங்கினியா?" என்று மட்டும் கேட்டார்.

வாங்கவில்லை. அதுகூடத் தோன்றவில்லை எனக்கு.

டிசம்பர் 6. வியாழன்

காலையில் முதலில் சித்தி வீடு. உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. முகவரியைக் காலண்டர் தாளில் எழுதி நீட்டினார், உள்ளே போய்விட்டார்.

அங்கிருந்து சார் ஆபீஸ். நின்றுகொண்டே சொன்னேன். சார் பேனாவை மூடினார்.

"டீச்சர், ஒங்க வகுப்புல ஒரு பிள்ள இப்படி செஞ்சா என்னா செய்வீங்க?"

"நிக்க வைப்பேன் சார்."

"அப்ப நில்லுங்க."

நின்றேன். பேப்பர் முழுவதும் திருத்தி முடிக்கிறவரை. ஆபீஸ் பையன் இரண்டு தடவை உள்ளே வந்து போனான். இருபத்தேழு வயது, ஒரு பிள்ளைக்கு அம்மா, கை கட்டி நிற்கிறேன். உட்காரச் சொல்லிவிடுவாரோ என்றுதான் பயமாக இருந்தது.

கடைசியில்: "ஒங்களுக்கு சைபர். அந்தப் பொண்ணுக்குப் போட்ட சைபர அடிச்சிடுறேன். ஆனா அது கையால செஞ்சத நான் பார்க்காம கடுதாசி தர மாட்டேன். பதினஞ்சாம் தேதி, சனிக்கிழமை, காலை பத்து. அதுக்குப் பிறகு லேப் பூட்டிருவாங்க."

சைபரோடு எனக்குத் தேறுவது கஷ்டம். கூட்டிப் பார்த்தேன், மறுபடியும் கூட்டினேன். பரவாயில்லை என்று எழுத ஆசை. பரவாயில்லாமல் இல்லை.

அவளுக்கு இன்றே எழுதி, காலையில் தபாலில் போட வேண்டும். மூன்று தடவை கிழித்தாயிற்று. அனுப்பப்போவதன் நகல்:

"பிலோமினா, வெள்ளி வரவில்லை. நான் சோதனையே செய்யவில்லை. உன்னிடம் பொய் சொன்னேன், சார் உன்னைத் திட்டும்போது வாய் மூடி இருந்தேன். இன்று சாரிடம் சொல்லிவிட்டேன். உன் சித்திக்கும் தெரியும். பதினைந்தாம் தேதி காலை பத்து மணிக்கு நீயே செய்து காட்டினால் சார் கடிதம் தருவார். நான் அந்த அறைக்குள் வரமாட்டேன். நீ வரச் சொன்னால் மட்டும் வருவேன். என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. வருகிறாயா, இல்லையா, அது மட்டும் தெரிய வேண்டும். சீக்கிரம் பதில் போடு."