‘நமக்கு மட்டும்’ என்றொரு கட்டம்

ஜூன் 9, திங்கள்

காலை எட்டுக்கே வெக்கை. அக்னி முடிந்தும் செஞ்சி மலைப்பாறை சூட்டை விடவில்லை.

இன்று: ஜெராக்ஸ் மெஷினுக்கு டோனர் வாங்க. பள்ளிக்கூட விண்ணப்பம் நூறு காப்பி. வரன் சைட்டில் புது ஜாதகம் இரண்டு ஏற்ற.

டோனர் ஆச்சு. காப்பி ஆச்சு. சைட் திறக்கவில்லை. நெட் தகராறு என்று மோடத்தை இரண்டு முறை அணைத்துப் போட்டேன். மற்றதெல்லாம் திறக்கிறது. எங்கள் சங்கத்தின் வரன் சைட் மட்டும் வெள்ளையாக நிற்கிறது.

விழுப்புரம் தினகருக்குப் போன் செய்தேன். ஏழு வருடமாக இந்த சைட்டைத் தன் கம்ப்யூட்டரில் வைத்து நடத்திக் கொடுப்பவன். ஸ்விட்ச் ஆஃப். கல்யாணம் காட்சி என்று எங்காவது போயிருப்பான்.

மதியம் புளிக்குழம்பு. உப்பு கூடிவிட்டது. இவர் மோர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு மார்க்கெட் கமிட்டிக்கு நெல் எடை போடப் போனார்.

ஜூன் 10, செவ்வாய்

திறக்கவில்லை. தினகருக்குப் பதினோரு தடவை. மெயில் போட்டால் திரும்பி வருகிறது. அவன் கம்பெனியின் சொந்த சைட்டே இல்லை.

சங்கத் தலைவர் மாமாவின் ஜவுளிக்கடைக்குப் போய்ச் சொன்னேன். ஒரு வாரம் பார்க்கலாம் என்றார். நீதான் இன்னொரு காப்பி வைத்திருப்பாயே என்றும் கேட்டார். தலையை எப்படி ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

காப்பி இல்லை. மஞ்சள் தடவிய ஜாதகத்தை அடுத்தவர் வீட்டில் தங்கவிடக்கூடாது என்பது நம் ஆட்களின் பழக்கம். கொடுத்த கையோடு திருப்பி வாங்கிப் போவார்கள். அதனால் ஸ்கேன் செய்து, நேரே சைட்டில் ஏற்றி, கடைக் கம்ப்யூட்டரிலிருந்து அழித்துவிடுவேன். கடைக்கு நாலு பேர் வந்து உட்கார்கிற கம்ப்யூட்டர் அது. என்னிடம் இருப்பது பதிவு நோட்டு ஒன்றுதான். எண், பெயர், போன். அவ்வளவே.

முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். மறுபடி எல்லார் வீட்டுக்கும் போன் செய்து, மறுபடி ஜாதகம் வாங்கி, மறுபடி டைப் அடித்து. நினைத்தாலே முதுகு வலிக்கிறது.

பிறகு, மாலை விளக்கேற்றும்போது, அந்தக் கட்டம் ஞாபகம் வந்தது. தீக்குச்சி விரலைச் சுட்டுவிட்டது.

ஜூன் 11, புதன்

கட்டத்தைப் பற்றி எழுதிவிடுகிறேன். எழுதினாலாவது தூக்கம் வருமா பார்ப்போம்.

ஜாதகத் தாளில் எல்லாம் நல்லதாகவே இருக்கும். பெண் சிவப்பு, பையன் குணம். தாளைக் கொடுத்துவிட்டு, பேசிவிட்டு, எழுந்து போய் வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் ஒரு அம்மா மெதுவாகச் சொல்வாள், உங்களுக்கு மட்டும் சொல்றேன் என்று. சின்னதில் வலிப்பு வந்தது. நிச்சயம் ஆகி நின்றுபோனது. பையனுக்குக் குடி. தாளில் இருப்பதைவிட அந்தச் செருப்புப் பேச்சுதான் நிஜம்.

அதையெல்லாம் நான் எழுதிவைத்தேன். தினகரிடம் சொல்லி, சைட்டில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தனிக் கட்டம் போடவைத்தேன். என் பாஸ்வேர்டுக்கு மட்டும் தெரியும். பெயர்கூட நானே வைத்தேன், ‘நமக்கு மட்டும்’ என்று. பொருந்தாத இரண்டு குடும்பத்தைச் சேர்த்துவைத்து ஒரு பெண் அழக்கூடாது என்றுதான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. இல்லை என்றால் பொய்.

“தினமும் காப்பி எடுத்து வெச்சிடறேன் அக்கா, ஒண்ணும் போகாது” என்பான் தினகர். அப்போது நிம்மதியாக இருந்தது. இப்போது, அந்தக் காப்பி எத்தனை, எங்கே, யார் கையில்?

காணாமல் போயிருந்தால் நல்லது. போகாமல் எங்கோ இருந்தால்?

ஜூன் 12, வியாழன்

கடையைப் பூட்டிவிட்டு விழுப்புரம் பஸ். ஜன்னல் சீட்டு கிடைத்தும் வெளியே ஒன்றும் பார்க்கவில்லை.

தினகர் ஆபீஸ் மாடியில். ஒரு தடவை போயிருக்கிறேன். ஏசி போட்ட சின்ன அறையில் கறுப்புப் பெட்டிகள் வரிசையாக, பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு. இன்று கதவில் பூட்டு. போர்டு இருந்த இடத்தில் ஆணி இரண்டு.

கீழே தையல்கடை அம்மாவிடம் கேட்டேன். ஊசியில் நூல் கோத்தபடி சொன்னாள்.

“சனிக்கெழம காலி பண்ணிட்டுப் போய்ட்டாரும்மா. பொட்டிய மட்டும் பழைய கம்ப்யூட்டரு எடுக்கறவங்க வந்து வண்டில ஏத்திக்கினு போனாங்க. அப்டியே ஏத்தறீங்களே, உள்ள ஒண்ணும் இல்லியான்னேன். இருந்தா வாங்குறவங்க பாத்துக்குவாங்கன்னான் ஒருத்தன்.”

எந்த ஊர் வண்டி என்று தெரியாதாம்.

அங்கேயே போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனேன். அங்கே இருந்தவர் நல்லவிதமாகத்தான் பேசினார். என்னென்ன போச்சு, ஒரு பட்டியல் எழுதிக் கொடுங்கள் என்றார். பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதை எழுதுவது? வலிப்பையா, நின்றுபோன நிச்சயத்தையா? நாளைக்கு வருகிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். கோழை.

ஜூன் 13, வெள்ளி

கையெழுத்து கோணல்.

பதினோரு மணிக்கு அவலூர்பேட்டையிலிருந்து மளிகைக்கடைக்கார அம்மா போன். அவர் பெண் என் நோட்டில் எண் 41. யாரோ ஒரு ஆள் மரியாதையாகப் பேசினானாம். வரன் பார்த்துத் தருகிறவனாம்.

“உங்க பொண்ணுக்குப் பேசி முடிச்சது நின்னுபோச்சாமே, அதனால இன்னாங்க, எங்ககிட்ட நல்ல எடம் இருக்குதுன்றான். இத நான் உன்கிட்டதானே சொன்னேன், கற்பகம்?”

நான் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. அந்த அம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மதியம் இன்னொரு போன், எண் 60. சாயங்காலம் எண் 88. எல்லாருக்கும் அதே குரல், அதே மரியாதை, செருப்பு மாட்டும்போது சொன்ன அதே விஷயம்.

பெட்டியை வாங்கிய எவனோ அதைத் திறந்துவிட்டான். எண் வரிசையாக வருகிறான்.

நோட்டை விரித்துக் கணக்குப் பார்த்தேன். எண் 197. வனிதா.

வனிதா காந்தி பஜார் மருந்துக்கடையில் வேலை பார்க்கிற பெண். ஊர் ஆரணி. புருஷன் கொடுமை தாங்காமல் விவாகரத்து வாங்கி, அவனுக்குத் தெரியாமல் இங்கே வந்து இரண்டு வருடம். மறுமணத்துக்குப் பதிவு செய்தாள். ஊர் போடாதீர்கள் அக்கா என்றாள். ஜாதகத்தில் நான் போடவில்லை. கட்டத்தில் போட்டேன்.

இவரிடம் சொன்னேன். நெல் தூசியோடு அப்படியே நின்றார்.

“நீயா போயி எதுக்குக் கெளப்புற? அவன் அவளுக்குப் போன் பண்ணாமலே போவலாம்.”

எனக்கும் அப்படியே நம்பிவிட ஆசையாக இருந்தது. ஆறு மணிக்கு மருந்துக்கடைக்குப் போனேன். கவுண்டரில் அவள்தான். தலைவலி மாத்திரை ஒரு அட்டை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். என்ன பிறவி நான்.

ஜூன் 14, சனி

தலைவர் மாமாவைப் பார்த்தேன். போலீஸ் அது இது என்று போனால் சங்கத்துப் பெயர் நாறிவிடும் என்றார். அப்படி ஒரு கட்டம் இருந்ததே தனக்குத் தெரியாது என்றும் சொன்னார். அவர் கேட்டு நான் படித்துக் காட்டியது எத்தனை தடவை. வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

அங்கிருந்து நேரே மருந்துக்கடை. நின்றால் கால் பின்னால் போகும் என்று வேகமாக நடந்தேன்.

அட்டைப்பெட்டி அடுக்கிய பின்னறைக்கு வனிதா கூட்டிப் போனாள். வலது பக்கத்தை என் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றாள், இடது காது கேட்காததால். எல்லாம் சொன்னேன். தினகர், பெட்டி, அந்தக் குரல், வரிசை.

அழுவாள் என்று பார்த்தேன். இல்லை.

“அதுல எழுதினத அப்டியே சொல்லுங்க அக்கா. ஒரு எழுத்து விடாம.”

சொன்னேன். மனப்பாடமாக இருந்தது, அதுதான் கொடுமை. ஊர் ஆரணி. விவாகரத்து ஆனவள். அடித்ததில் இடது காது போனது. செஞ்சி காந்தி பஜார் மருந்துக்கடையில் வேலை. கடைக்கு மேல் மாடியில் தனியாக இருக்கிறாள். அவன் இன்னும் தேடுகிறான். இடம் தெரியக்கூடாது.

கடைசி வரியை அட்டைப்பெட்டியைப் பார்த்துச் சொன்னேன்.

“நான் உங்க காதோட சொன்னது அக்கா. எழுதச் சொல்லலியே.”

அவ்வளவுதான் சொன்னாள். யாரோ இருமல் மருந்து கேட்டார்கள், எடுத்துக் கொடுக்கப் போனாள்.

அங்கிருந்து விழுப்புரம் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தேன். எல்லாம் எழுதினேன், நான் செய்ததையும். ரசீது தந்தார்கள். திங்கட்கிழமை பார்க்கலாமாம்.

ரசம் வைக்க மறந்துவிட்டேன். தயிர் சாதம்.

ஜூன் 15, ஞாயிறு

ஒன்பது மணிக்கு வனிதா எங்கள் வீட்டு வாசலில். கையில் போன். அவளுக்கும் வந்துவிட்டது, அதே மரியாதைக் குரல். ராங் நம்பர் என்று சொல்லியிருக்கிறாள். அதற்கு அவன் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னாள்:

“பரவால்லைங்க. உங்க வெவரத்த ஆரணி பக்கம் ஒரு நாலு எடத்துக்கு அனுப்பி வெச்சிருக்கேன். பதிலு வந்ததும் கூப்பிடறேன்.”

நாலு இடம். எந்த நாலு என்று தெரியாது. வாட்ஸப்பில் நாலு நாற்பதாக எத்தனை நேரம் ஆகும்.

இவர் வாசலில் போய் நின்றுகொண்டார். தெருவில் வருகிற ஒவ்வொரு பைக்கையும் பார்க்கிறார். இங்கேயே இரு, யார் வந்தாலும் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நானும் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். போலீஸில் உன் பெயரையும் சொல்லிப் பாதுகாப்பு கேட்போம் என்றேன்.

“அவங்களும் ஒரு நோட்டுல எழுதுவாங்க அக்கா.”

ஊரை விட்டே கிளம்பிவிட்டாள், போட்டிருந்த துணியோடு ஒரு பை. மருந்துக்கடை முதலாளிக்கு மட்டும் சொல்லியிருக்கிறாள், லீவு என்று. இவர் முன்னால் நடக்க, நடுவில் அவள், பின்னால் நான், பஸ் ஸ்டாண்டு வரை. அவள் வயது ஆண்கள் ஒவ்வொருவரையும் பார்த்தேன். அந்தப் புருஷன்காரன் முகம் எனக்குத் தெரியாது. யார் வேண்டுமானாலும் அவனாக இருக்கலாம் என்பதே என்னைக் கொன்றது.

எங்கே போகிறாய் என்று கேட்க வாய் வரை வந்தது. அவள் என்னையே பார்த்தாள். கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஏறி, உள்பக்கமாக உட்கார்ந்தாள்.

பஸ் போர்டைப் பார்க்காமல் திரும்பியிருக்க வேண்டும். பார்த்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கை தானாக இந்த நோட்டை எடுத்து வைத்துக்கொண்டது. மணி பதினொன்றே கால். வனிதா, பச்சைச் சேலை, துணிப்பை ஒன்று. ஏறிய பஸ்

வேண்டாம்.